ஓரியின் குதிரையும் ஒரு பழைய ஹெரால்டும்

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றி நமக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் அந்த ஒரே அம்பு சமாசாரம்தான். யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்துக்கொண்டு போனதே, அது! பள்ளிக்கூடத்துப் பாடமும் அதோடு நிறுத்திக்கொண்டது. அவனிடம் ஒரு குதிரை இருந்தது, அதன் பெயரும் ஓரிதான் என்பதை யாரும் நமக்குச் சொல்லவில்லை. அவனோடு சண்டைக்கு வந்த மலையமான் காரியின் குதிரைக்குப் பெயர் காரி. 'சிறுபாணாற்றுப்படை' இந்த இரண்டு பேரையும் குதிரையோடு சேர்த்தே அறிமுகப்படுத்துகிறது. அதாவது வண்டியும் ஆளும் வேறு வேறில்லை. இன்றைக்கும் ஊருக்கு ஊர் 'புல்லட்காரர்', 'ஜாவாக்காரர்' என்று ஒருத்தர் இருக்கிறார் இல்லையா, அந்தக் கதை இரண்டாயிரம் வருஷப் பழசு.

ஆனால், ஓரிக்கு இல்லாத ஒரு தலைவலி நமக்கு உண்டு. குதிரைக்கு வயதானால் லாயத்தில் கட்டிப் புல் போடலாம். அதற்குப் புது நுரையீரல் வைக்கலாமா, கால் நாலையும் மாற்றிவிடலாமா என்று யாரும் யோசித்ததில்லை. காருக்கு அப்படி யோசிக்கலாம். அங்கேதான் வம்பு ஆரம்பிக்கிறது.

கொல்லிமலையின் மேற்கு அடிவாரத்தில் இருக்கிறது பேளுக்குறிச்சி. சீரகம், கடுகு, மிளகு என்று வருஷத்துக்கு வேண்டிய மளிகையை மொத்தமாக வாங்க வெளியூர்க்காரர்கள் தேடி வருகிற சந்தை இந்த ஊருடையது. இங்கிருந்து காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளிக்குப் போனால் மலைப்பாதை ஆரம்பம். மேலே சோளக்காடு போய்ச் சேர்வதற்குள் கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் 70. ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள். ஏறும்போது நாம் எண்ணுவோம். இறங்கும்போது பிரேக் எண்ணும்!

இந்தப் பக்கத்தில் யாரோ ஒருவருக்குப் பெரியப்பா விட்டுப்போன பழைய கார் ஒன்று மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரெண்டு கதவு, முன்பக்கம் நீண்ட பானெட், பின்னால் சின்னதாக வால். 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு'. நாமக்கல் ஜில்லா லாரிக்குப் பாடி கட்டுவதில் நாடறிந்த இடம். சேஸை மட்டும் வாங்கிக் கொண்டுவந்து விட்டால் முழு லாரியாக்கித் திருப்பித் தருகிற ஊர். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பட்டறைக்காரர் ஹெரால்டைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு என்ன சொல்வார்?

"ஏனுங்ணா, இந்த இஞ்சினை எறக்கிப் போட்டு ஒரு டீசல் இஞ்சின் ஏத்திரலாமுங்களா? அப்பறம் பாருங்க, மலை மேல மாடு மாதிரி ஏறுமுங்க!"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த நியாயம் அது. ஆனால், அவருக்குச் சம்மதம் சொல்லும் முன்னால் அந்தக் காரின் கதையைக் கேட்டுவிடுவது நல்லது.

ஹெரால்டு ஸ்போர்ட்ஸ் காரா என்று கேட்டால், நேர்மையான பதில்: இல்லை. ஆனால், தமிழ்நாட்டில் தயாரான கார்களில் ஸ்போர்ட்ஸ் காருக்கு ரத்த சம்பந்தம் உள்ளது என்றால் அது இதுதான். 1959-ல் இங்கிலாந்தில் 'டிரையம்ஃப் ஹெரால்டு' வந்தது. உருவம் கொடுத்தவர் ஜியோவான்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். அந்தக் காலத்துப் புதுக் கார்கள் பலவும் பாடியையும் சேஸையும் ஒன்றாக்கிவிட்டபோது, ஹெரால்டு மட்டும் பழைய பாணியில் தனி சேஸ் வைத்துக்கொண்டது. அதனால் ஒரு லாபம்: அதே சேஸைக் கொஞ்சம் குட்டையாக வெட்டி, மேலே வேறு உடம்பை உட்கார வைத்து 1962-ல் 'ஸ்பிட்ஃபயர்' என்ற அசல் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்துவிட்டார்கள். அதற்கும் உருவம் மிக்கெலோட்டிதான். 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றது.

நமக்குக் கிடைத்தது அண்ணன் மட்டும். தம்பி வரவில்லை. சென்னையில் 1948-ல் ஆரம்பித்த 'ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ்', 1961 முதல் ஹெரால்டைத் தயாரித்தது. அந்த நாட்களில் கார் வாங்குவது என்பது பெண் பார்ப்பதை விடக் கஷ்டம். இந்தியாவிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத கம்பெனிகளை அரசாங்கம் நெருக்கியதில், 1950-களின் நடுவிலேயே ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டியிருந்தன. மிச்சம் இருந்தவை அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு. மூன்றே மூன்று. வெளிநாட்டுக் கார் இறக்குமதி என்பது கனவு. 'அப்கிரேடு' என்ற வார்த்தைக்கே அப்போது வேலை இல்லை. வைத்திருப்பதை வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியும் ஆசை விடுமா? சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. 1953-ல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்த ஆரம்பித்தது. 1980-களின் கடைசி வரைக்கும் சோழவரம் ரேஸ் என்றால் திருவிழாதான். பழைய சமஸ்தானத்து வாரிசுகள் ஒரு பக்கம், மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகள் ஒரு பக்கம், சொந்தப் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்குகள் ஒரு பக்கம். வெளிநாட்டிலிருந்து எப்படியோ வந்து சேர்ந்த நிஜ ரேஸ் கார்கள் சில. மற்றபடி நம்ம ஃபியட், ஹெரால்டு, அம்பாசடர்தான். உதிரி பாகம் கிடைக்காது. உடைந்தால் லேத்தில் கொடுத்துக் கடைந்துதான் ஆக வேண்டும். இந்தியாவில் 'டியூனிங்' கற்றுக்கொண்ட ஒரு தலைமுறைக்குப் பள்ளிக்கூடமே அந்த ஓடுதளம்தான் என்று சொன்னால் மிகையில்லை.

கொல்லிமலைக்கு வருவோம். ஹெரால்டுக்கு இரண்டு குணம் உண்டு. முதலாவது வரம். வெறும் 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். லண்டன் டாக்ஸி மாதிரி. மற்ற கார்கள் ரிவர்ஸ் எடுத்து, மறுபடி முன்னால் வந்து, வியர்த்து விறுவிறுத்து வளைகிற கொண்டை ஊசியில், இது சுண்டுவிரலால் திருப்பினால் போதும். 70 வளைவிலும் இந்தச் சுகம் உண்டு.

இரண்டாவது சாபம். பின் சக்கரங்களைத் தாங்கும் அச்சு, நடுவில் மட்டும் மடங்குகிற 'ஸ்விங் ஆக்ஸில்'. வளைவில் வேகமாக நுழைந்து, பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், கார் பின்பக்கம் லேசாகத் தூக்கும். உடனே வெளிப்பக்கத்துப் பின் சக்கரம் உள்ளே மடங்கிக்கொள்ளும். ஓடுகிறவனுக்குக் கணுக்கால் பிசகுகிற மாதிரி. அப்புறம் கார் தன் இஷ்டத்துக்குச் சுற்றும்.

இந்தச் சாபத்தை என்ன செய்தார்கள் என்பதில்தான் நம் கேள்விக்குப் பதில் ஒளிந்திருக்கிறது. இங்கிலாந்துக்காரர்கள் 1970-ல் ஸ்பிட்ஃபயரின் பின்பக்க ஸ்பிரிங்கை மட்டும் திருத்தி அமைத்தார்கள். அச்சு அப்படியே இருக்க, அந்த மடங்கல் வியாதி பெருமளவு அடங்கிவிட்டது. காரின் ஓட்டம், குணம், சத்தம் எதுவும் மாறவில்லை. சென்னைக்காரர்கள் வேறு வழி எடுத்தார்கள். இந்தியாவுக்கென்றே நாலு கதவு ஹெரால்டைச் செய்தவர்கள், 1970-களில் அதை 'கேஸல்' என்று பெயர் மாற்றியபோது ஸ்விங் ஆக்ஸிலையே தூக்கிக் கடாசிவிட்டு, லாரி, ஜீப்பில் இருப்பது போன்ற முரட்டு அச்சைப் போட்டார்கள். நம் சாலைக்கும், நம் மெக்கானிக்குக்கும் அது பொருத்தம்தான். எனக்கு இரண்டுமே சரியென்றுதான் படுகிறது. இரண்டு பேரும் குறை எங்கே இருக்கிறதென்று பார்த்து அந்த இடத்தில் மட்டும் கை வைத்தார்கள். 948 சி.சி. இன்ஜின் கடைசி வரை அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

அதே கம்பெனிதான் பிற்பாடு எப்படி அப்கிரேடு செய்யக் கூடாது என்பதற்கும் உதாரணம் காட்டியது. 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்று ஒரு காரைப் படாடோபமாக இறக்கினார்கள். உடம்பு, இங்கிலாந்தின் 'ரோவர் எஸ்.டி.1'. ஐரோப்பாவில் 1977-ன் சிறந்த கார் என்று பட்டம் வாங்கியது. அங்கே அதற்கு மூன்றரை லிட்டர் வி-8 இன்ஜின். இங்கே? 1940-களின் கடைசியில் 'வேன்கார்டு' காருக்காக உருவான நாலு சிலிண்டர் இன்ஜினின் வாரிசு. அந்த வம்சம் ஒரு காலத்தில் ஃபெர்குசன் டிராக்டரிலும் உழுதது, 'டிரையம்ஃப் டி.ஆர்.2' ஸ்போர்ட்ஸ் காரிலும் பறந்தது. நல்ல வம்சம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால், பட்டுப் புடவைக்கு ரப்பர் செருப்பு! அவ்வளவு கனமான காரை அந்த இன்ஜின் மூச்சு வாங்கிக்கொண்டே இழுத்தது. விலை அதிகம், பெட்ரோல் குடி அதிகம். 1988-ல் கதை முடிந்தது. ஸ்டாண்டர்டு கம்பெனி கார் செய்வதும் அதோடு சரி.

பழைய சேஸில் புது இன்ஜினை ஏற்றச் சொல்கிறாரே நம் பட்டறைக்காரர், அது இதே தப்பின் தலைகீழ் வடிவம். ஹெரால்டின் இன்ஜின், கியர் பாக்ஸ், சேஸ், பிரேக் எல்லாம் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்தவை. முன்னால் கனமான டீசல் இன்ஜினை வைத்தால் முன் ஸ்பிரிங் அமுங்கும், ஸ்டீயரிங் கல்லாகும், அந்தக் குட்டி டிரம் பிரேக் திணறும். ஒன்றைத் தொட்டால் ஒன்பதைத் தொட வேண்டும். கடைசியில் மிச்சம் இருப்பது பெரியப்பாவின் நம்பர் பிளேட் மட்டும்தான்.

இது ஏதோ ஏழை நாட்டுச் சிக்கல் என்று நினைத்துவிட வேண்டாம். ஜெர்மனியின் போர்ஷே கம்பெனியே இதில் தடுமாறியிருக்கிறது. 1963-ல் அறிமுகமான '911' ஸ்போர்ட்ஸ் காருக்கு இன்ஜின் பின்னால், குளிர்விக்கத் தண்ணீர் கிடையாது, வெறும் காற்றுதான். 1970-களின் கடைசியில் இது கிழவியாகிவிட்டது என்று கம்பெனி முடிவு கட்டியது. இனி இன்ஜினை முன்னால் வைத்த '928'தான் எதிர்காலம் என்றார்கள். 1981-ல் தலைமைப் பொறுப்புக்கு வந்தார் பீட்டர் ஷுட்ஸ். தலைமை இன்ஜினீயர் ஹெல்முத் போட்டின் அறைச் சுவரில் ஒரு வரைபடம். எந்த மாடல் எது வரை என்று கோடுகள். 911-ன் கோடு 1981-லேயே நின்றுவிட்டிருந்தது. ஷுட்ஸ் ஒரு கறுப்பு மார்க்கரை எடுத்தார். அந்தக் கோட்டை இழுத்தார், இழுத்தார், தாள் முடிந்து சுவர் மேலேயும் இழுத்துக்கொண்டே போனார். இதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் மீட்டிங்!

928 என்றைக்கோ போய்ச் சேர்ந்தது. 911 இன்னும் விற்கிறது. ஆனால், ஷுட்ஸ் அதை அப்படியே உறைய வைத்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிரேக் மாறியது, டயர் மாறியது, 1990-களின் கடைசியில் காற்றுக் குளிர்ச்சியே போய்த் தண்ணீர் வந்தது. பின்னால் இருந்த இன்ஜின் மட்டும் பின்னாலேயே இருந்தது. தொட வேண்டியது எது, தொடக் கூடாதது எது என்று யாரோ உட்கார்ந்து பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஜப்பானில் மாஸ்டா இன்னொரு படி போயிற்று. 1989-ல் வந்த தன் ரோட்ஸ்டர் ஸ்போர்ட்ஸ் காரைப் பழையபடியே புதுப்பித்துத் தரும் திட்டத்தை 2017-ல் அறிவித்தது. அந்தக் காலத்து டயரைப் போலவே புது டயர்கூடச் செய்ய வைத்தார்கள்.

நம் ஊரில் வேகத்தில் பைத்தியமான ஒருத்தர் மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தார். கோவை மில் குடும்பத்திலிருந்து வந்த எஸ்.கரிவரதன். பழைய காரைப் போட்டு வதைப்பானேன், புதுசாகவே ஒன்று செய்வோம் என்று இறங்கியவர். 1980-களின் கடைசியில் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை சீட் ரேஸ் கார்களைக் கட்டினார். 'ஃபார்முலா மாருதி'. விலை குறைவு, உதிரி பாகம் எங்கும் கிடைக்கும். அந்தக் காரில் ரேஸ் பழகிய கோவைப் பையன்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். 2005-ல் மெல்போர்னில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர். கரிவரதன் அதைப் பார்க்கவில்லை. 1995-லேயே விமான விபத்தில் போய்விட்டார். கோவை செட்டிபாளையத்து ரேஸ் டிராக்குக்கு அவர் பெயர்தான். வேகம் வேண்டுமென்றால் அதற்கென்று வேறு வண்டி என்பது அவர் காட்டிய வழி. பட்டறைக்காரர் ஏற்றிவிட நினைக்கும் அந்த இன்ஜினுக்கும், அதற்காகச் செய்யும் வெட்டு, வெல்டிங், டிங்கரிங், பெயின்ட்டுக்கும் ஆகிற காசைக் கூட்டிப் பாருங்கள். ஓடுகிற நிலையில் உள்ள செகண்ட் ஹேண்ட் கார் ஒன்றே வந்துவிடும்!

இதற்கெல்லாம் நடுவில் சட்டம் வேறு வந்து உட்கார்ந்துகொண்டது. வண்டியின் அடிப்படை அம்சங்களைக் கம்பெனி கொடுத்ததற்கு மாறாகத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் இன்ஜினை மாற்றினால் ஆர்.சி. புத்தகம் ஒன்று சொல்லும், வண்டி ஒன்று சொல்லும். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான். சும்மா வைத்திருக்கவும் செலவு ஏறிவிட்டது. 15 வயதைத் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரல் முதல் 5,000. 2025-ல், 20 வயது தாண்டியவற்றுக்கு 10,000 ஆக்கினார்கள்.

இன்னொரு கதவும் திறந்தது. 2021 ஜூலையில் வந்த விதிப்படி, 50 வயது தாண்டிய வண்டியை 'வின்டேஜ்' என்று பதிந்துகொள்ளலாம். பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. நிபந்தனை என்ன தெரியுமா? சேஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. அசல் அசலாகவே இருக்க வேண்டும். 1960-களின் ஹெரால்டுகள் எல்லாமே இந்த வயதைத் தாண்டியாயிற்று. டீசல் இன்ஜின் ஏற்றிய ஹெரால்டுக்கு மட்டும் இந்தக் கதவு மூடித்தான் இருக்கும்.

ஆனால், இதிலும் ஒரு பிடி இருக்கிறது. வின்டேஜ் என்று பதிந்துவிட்டால் கண்காட்சிக்கு ஓட்டலாம், பழைய கார் ஊர்வலத்துக்கு ஓட்டலாம், பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க ஓட்டலாம். தினசரிப் பிழைப்புக்கு ஓட்டக் கூடாது. வாராவாரம் பேளுக்குறிச்சி சந்தைக்குப் போய் சீரகம் வாங்கி வர முடியாது! ஓட்ட ஆசையா, வைத்துப் பார்க்க ஆசையா? இதைத் தீர்மானிக்காமல் பட்டறைப் பக்கமே போகக் கூடாது என்பேன்.

ஓட்டத்தான் ஆசை என்றால், என் ஓட்டு இப்படி: கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தாராளமாகச் செலவு செய்யுங்கள். முதலில் பிரேக். இந்திய ஹெரால்டுக்கு நாலு சக்கரத்திலும் டிரம்தான். 70 வளைவையும் இறங்கினால் டிரம் சூடாகி, மிதித்தாலும் பிடிக்காத நிலை வரும். ஏறிய கியரிலேயே இறங்கினால் பாதி ஆபத்து போய்விடும். மீதிப் பாதிக்கு, ஸ்பிட்ஃபயரில் ஆரம்பத்திலிருந்தே இருந்த முன்சக்கர டிஸ்க் பிரேக் ஹெரால்டுக்கும் பொருந்தும். சேஸை வெட்ட வேண்டியதில்லை. ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. டயரை ரேடியலாக மாற்றலாம்.

அடுத்து பெட்ரோல். 2000-லேயே நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்தியாயிற்று. ஈயத்தை நம்பிச் செய்த பழைய வால்வு இருக்கைகள் சீக்கிரம் தேயும், கெட்டியானதாக மாற்றிவிட வேண்டும். 2025-ல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வந்துவிட்டது. 1960-களின் ரப்பர் குழாய்க்கும் கார்புரேட்டர் வாஷருக்கும் எத்தனால் ஆகாது, ஊறி விரிந்து கசியும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. புதுக் குழாய்க்கு ஆகிற செலவு ஒரு ஹோட்டல் சாப்பாட்டுக் கணக்குத்தான்.

ஹெரால்டுக்கே உரிய இன்னொரு ரகசியம் உண்டு. முன் சக்கரத்தைத் தாங்கும் இடத்தில், கீழே பித்தளையில் ஒரு மூட்டு. அதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது. கெட்டியான கியர் ஆயில்தான் விட வேண்டும். 'எல்லா வண்டிக்கும் கிரீஸ்தானே' என்று அடித்துவிட்டால் உள்ளே தேய்ந்து, துருப்பிடித்து, ஒருநாள் திருப்பத்தில் பட்டென்று முறியும். சக்கரம் மடிந்து கார் மூக்கால் உட்காரும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் காயலான் கடைக்குப் போன டிரையம்ஃப் கார்கள் உலகம் முழுக்க உண்டு. பட்டறைக்காரரிடம் இன்ஜின் பேச்சை எடுப்பதற்கு முன்னால், "அண்ணா, அந்த மூட்டுக்கு என்ன விட்டீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் பதிலிலேயே வண்டியை அவரிடம் விடலாமா வேண்டாமா என்று தெரிந்துவிடும்.

டிஸ்க் பிரேக் போட்ட பிறகு கழற்றிய பழைய டிரம், பழைய ஷூ, பழைய குழாய் எதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் தடவி, சாக்கில் கட்டி, மேலே காரின் நம்பரை எழுதிப் பரணில் போட்டுவையுங்கள். உங்கள் பிள்ளை ஒருநாள் வின்டேஜ் பதிவுக்கு விண்ணப்பம் போட்டால், அசல் எங்கே என்று கேட்பார்கள்.